எட்டு இடது கைகள்

வியாகுலம் வாத்தியார் புது அரை டிராயரோடு வாசலுக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு, டிராயருக்கு வயது மூன்று நாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி லூர்து மேரி தலையைத் தூக்கிக் கணவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

“ஒண்ணும் சொல்லலியே,” என்றார் வியாகுலம்.

“என்னத்தைச் சொல்றது? ஏறும்போது சைக்கிள் செயின்ல கால் படாம பாத்துக்கங்க. இப்ப மறைக்கறதுக்குத் துணி இல்ல.”

இதில் அக்கறைதான் தெரிந்தது என்று முடிவுகட்டிக்கொண்டு அவர் தொப்பியைச் சரிசெய்தார், விசிலைக் கழுத்தில் மாட்டினார், சைக்கிளில் ஏறினார். அன்றைக்கு அவரை எதுவும் கலக்கிவிட முடியாது. இண்டூர் ஏரிக்கரைப் புளியந்தோப்பில் எட்டுப் பையன்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். புதுச் சாரணர்களுக்கான முதல் முகாம், சனிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு மதியம் முடிவது.

வியாகுலம் கிறிஸ்தவக் கோயிலின் பங்குப் பள்ளியில் நெசவு வாத்தியாராகச் சேர்ந்தவர். அப்போது பள்ளியில் இரண்டு தறிகள் இருந்தன. ஒன்று எழுபத்தொன்றில் உடைந்தது, இன்னொன்றைக் கரையான் எடுத்துக்கொண்டது. தறி இல்லாத நெசவு வாத்தியார் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னென்ன செய்வாரோ அத்தனையும் அவர் செய்தார். பெல் அடித்தார். லீவு போட்டவர்களின் வகுப்பில் போய் உட்கார்ந்தார். சத்துணவுத் திட்டம் வந்த பிறகு அரிசி மூட்டைக்கு எலி வராமல் பார்த்துக்கொண்டார். பையன்கள் அவரை ‘மூட்டை சார்’ என்று கூப்பிடுவது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

எண்பத்தைந்தில் யாரும் போக விரும்பாத பத்து நாள் சாரணர் பயிற்சிக்கு அவரை அனுப்பினார்கள். மூட்டை சாராகப் போனவர் ஸ்கௌட் மாஸ்டராகத் திரும்பினார். திரும்பி வந்ததும் பள்ளியில் அவருக்கென்று ஒரு பீரோ ஒதுக்கப்பட்டது. அதன்மேல் ‘சாரணர் படை’ என்று அவரே சிவப்புப் பெயின்டில் எழுதினார். படை என்று சொல்லிக்கொள்ள அப்போது யாரும் இல்லை. ஆனால் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

இந்த ஜனவரியில்தான் சிக்கல் வந்தது. பள்ளித் தாளாளர் சவரிமுத்து ஃபாதர் கூப்பிட்டு அனுப்பினார்.

“மாஸ்டர், ராஜமேரி டீச்சர் அந்தப் பீரோவைக் கேக்கறாங்க. செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பிள்ளைங்க சேந்துட்டாங்களாம். உங்க படையில எத்தனை பேரு?”

“சேந்துட்டிருக்காங்க, ஃபாதர்.”

“ரெண்டு வருசமா சேந்துட்டிருக்காங்க. ஒரு அணிக்கு எட்டுப் பேரு வேணும்னு நீங்கதான் சொன்னீங்க. எட்டுப் பேரு உறுதிமொழி எடுத்து, கழுத்துல துணி கட்டி, வட்டாரச் சங்கத்துல இருந்து கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா பீரோ அங்க போயிடும். நீங்களும் பழையபடி…” ஃபாதர் நல்ல மனிதர். அரிசி மூட்டை என்று சொல்லவில்லை.

“எட்டுப் பேரு, ஃபாதர். பொங்கல் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை,” என்றார் வியாகுலம். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே டிராயருக்கு அளவு கொடுத்துவிட்டார்.

தோப்பில் முதல் வேலை கூடாரம் அடிப்பது. பள்ளிக்குச் சொந்தமாக ஒரு கூடாரம் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து எந்தச் சாரணனும் அதில் படுத்ததில்லை. குழந்தை இயேசு மட்டும் வருடம் தவறாமல் படுத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பங்கில் அதைத்தான் எடுத்துப்போவார்கள். ஒரு வருடம் பெயின்டர் ஒருவரைப் பிடித்து அதில் பாறை, நட்சத்திரம், மாடு, கழுதை, ஒட்டகம் எல்லாம் எழுதிவிட்டார்கள். பெயின்டர் கழுதையைப் பார்த்திருந்தார், ஒட்டகத்தைப் பார்த்ததில்லை. அதனால் ஒட்டகமும் கழுதை மாதிரியே முதுகில் ஒரு மூட்டையோடு நின்றது.

“சார், இதுக்குள்ளயா படுக்கணும்?” என்று கேட்டான் முனிராஜ். எட்டுப் பேரில் உயரம் குறைந்தவன், குரல் பெரியவன். அந்தக் குரலுக்காகவே வியாகுலம் அவனை அணித்தலைவன் ஆக்கியிருந்தார்.

“இதுக்குள்ளதான்.”

“மாடு எங்க வூட்டுலயும் பக்கத்துலதாங்க படுக்கும். பழக்கந்தான்.”

அடுத்து, புத்தகத்தில் சொன்னபடி மூங்கிலை வெட்டிக் கயிற்றால் கட்டி ஒரு செருப்பு ஸ்டாண்ட் செய்தார்கள். எட்டுப் பேருக்கு எட்டு இடம். எட்டுப் பேரில் ஒருவனிடமும் செருப்பு இல்லை. ஸ்டாண்ட் காலியாக இருந்தால் நன்றாக இராது என்று வியாகுலம் தன் கேன்வாஸ் ஷூவைக் கழற்றி நடுவில் வைத்தார். அதன் பிறகு முகாம் முடியும்வரை புளிய ஓட்டின்மேல் வெறுங்காலோடு நடந்தார். முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை.

முடிச்சு வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. தினமும் மாடு கட்டி அவிழ்க்கிறவர்களுக்கு முடிச்சு சொல்லித் தருவதில் ஒரு சங்கடம் உண்டு. அவர் முடிச்சின் பெயரை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் எட்டுக் கயிறும் கட்டப்பட்டிருந்தன. இரண்டே தீக்குச்சியில் அடுப்பு மூட்டும் பரீட்சை வந்தபோது மதலைமுத்து என்ற பையன் பக்கத்துக் கொல்லைக்குப் போய்க் கொட்டாங்கச்சியில் நெருப்பு வாங்கி வந்து மூட்டினான். பிறகு இரண்டு குச்சியையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். இதற்கு எத்தனை மார்க் என்று புத்தகத்தில் இல்லை. வியாகுலம் முழு மார்க் போட்டார்.

பையன்கள் திணறியது ஒரே ஒரு பாடத்தில்தான். அது கை கொடுப்பது.

சாரணர்கள் இடது கையால்தான் கை கொடுப்பார்கள். வலது கையால் சல்யூட், இடது கையால் குலுக்கல். இதை வியாழக்கிழமையே பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனாலும் கை வரவில்லை. ஒருவன் கையை நீட்டிவிட்டுக் கூச்சத்தில் சட்டையில் துடைத்துக்கொண்டான். இன்னொருவனுக்கு மணிக்கட்டுவரை வந்த கை அதற்குமேல் வரவில்லை.

“அந்தக் காலத்துல ஒரு நாட்டுல போர்வீரனுங்க இருந்தாங்க,” என்று வியாகுலம் பயிற்சியில் கேட்ட கதையைச் சொன்னார். “சோத்துக் கையில ஈட்டி, இந்தக் கையில கேடயம். கேடயத்தைக் கீழ வெச்சுட்டு அந்தக் கையை நீட்டினா என்ன அர்த்தம்? உன்னை நம்பறேன், இனி நீ என்னைக் குத்தினாலும் சரிங்கறது. அதான் இது. நீட்டினா நேரா நீட்டு. எதுக்க நிக்கறவர் புடிக்கற வரைக்கும் எடுக்காதே. பாதியில எடுத்தா நம்பலைன்னு அர்த்தம்.”

முனிராஜ் நேராக நீட்டினான். அவன் நீட்டியதைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள். வியாகுலம் வரிசையாக எட்டுக் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தபோதுதான் தோப்பு வாசலில் கண்ணம்மாள் வந்து நின்றாள். முனிராஜின் அம்மா. கொல்லை வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், முந்தானை இடுப்பில் செருகியிருந்தது.

“வாத்தியாரே, எம்மவனுக்கு நீங்க என்னங்க சொல்லிக் குடுத்தீங்க?”

“என்னம்மா ஆச்சு?”

“பொங்கலுக்கு வர முடியலைன்னு எந்தம்பி நேத்து வந்தான். தேங்கா, வெல்லம், இவனுக்கு டவுசர் துணி எல்லாம் தூக்கிட்டு அரூர்ல இருந்து பஸ் மாறி மாறி வந்தான். வந்தவங்கிட்ட இவன் வெறப்பா நின்னுக்கிட்டு பீச்சாங்கைய நீட்டறான். அவன் சோறுகூடத் திங்காம போயிட்டான். அவம் பொண்ணத்தான் எங்க பெரியவனுக்குப் பேசிட்டிருக்கறோம். இப்ப அந்தப் பேச்சு அப்படியே நிக்குது.”

முனிராஜ் அசையாமல் நின்றான். அவனுக்கு இன்னும் ‘நில் எளிதாக’ சொல்லப்படவில்லை.

வியாகுலம் கேடயக் கதையை மறுபடியும் சொன்னார். கண்ணம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

“எங்கூட்டுல யாருங்க கேடயம் வெச்சிருக்கறாங்க? அந்தக் கையில சொம்புதான் புடிப்போம். சொம்பப் புடிச்சிட்டு எங்க போவோம்னு ஊருக்கே தெரியும்.”

வரிசை கலைந்து சிரித்தது. வியாகுலம் விசில் ஊதினார். சிரிப்பு நின்றது, கண்ணம்மாள் நிற்கவில்லை.

“படிச்சவங்க நாலு பேரு இந்த மாதிரி குடுத்து நான் கண்ணால பாத்திருந்தா பரவால்ல. நான் பாத்ததில்லீங்க.”

“நாளைக்குப் பாருங்க,” என்றார் வியாகுலம். “பதினோரு மணிக்குப் பச்சியப்பன் ஐயா வர்றாரு. அவருதான் இவங்களுக்குத் துணி கட்டறாரு. அவரே இந்தக் கையத்தான் குடுப்பாரு.”

“எண்ணெ மில்லுக்காரரா?”

“அவருதான். நாப்பத்திரெண்டுலயே ஸ்கௌட்டா இருந்தவரு.”

கண்ணம்மாள் யோசித்தாள். “அவரு குடுத்துட்டா எந்தம்பிகிட்ட நானே போயிப் பேசிக்கறேன். குடுக்கலைன்னு வெச்சுக்கங்க, இவன அப்படியே கூட்டிட்டுப் போயிடுவேன். உங்க துணியும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம்.”

“ஒத்துக்கறேன்,” என்றார் வியாகுலம். எட்டில் ஒன்று போனால் ஏழு, ஏழு என்றால் பீரோ இல்லை என்ற கணக்கு அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பச்சியப்பன் இருக்கும்போது என்ன பயம்?

பச்சியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதியமான்கோட்டைப் பக்கம் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தார். போன வருடம் ஒன்றியத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். தலைவர் என்று அச்சடித்து வைத்த லெட்டர் பேடு இரண்டு கட்டு வீணாகப் போனது அவரை வாட்டியது. வேறு ஏதாவது தலைமை கிடைக்குமா என்று விசாரித்ததில் வட்டாரச் சாரணர் சங்கத்தில் துணைத்தலைவர் நாற்காலி காலியாக இருந்தது தெரிந்தது. சங்க அலுவலகத்துக்கு இரண்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார், நாற்காலி கிடைத்தது. அன்றிலிருந்து மேடைக்கு மேடை, “நான் நாப்பத்திரெண்டுலயே ஸ்கௌட்டு,” என்று சொல்லிவந்தார். மறுத்துச் சொல்லக் கூடியவர்களில் பாதிப்பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதிப்பேர் அவர் மில்லில் வேலை பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் ஃபாதர் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பையன்கள் கிளறியிருந்த உப்புமாவில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த முகத்தோடு வியாகுலத்தைத் தனியே அழைத்தார்.

“மாஸ்டர், நாளைக்கு மட்டும் பசங்க வணக்கம் சொல்லட்டுமே. இந்தக் கை விவகாரம் வேண்டாம்.”

“ஃபாதர், பெரிய மனுசர் வர்றாருன்னு பூசையில ஒண்ண விட்டுட்டு செய்வீங்களா?”

“மாட்டேன்.”

“இதுவும் அப்படித்தான். நீட்டலைன்னாதான் கோவிச்சுக்குவாரு. பழைய ஸ்கௌட்டு.”

“நெசமாவே ஸ்கௌட்டா இருந்தாரா?”

“அவரே சொல்றாரு, ஃபாதர்.”

ஃபாதர் இருபது வருடமாகப் பாவசங்கீர்த்தனத்தில் பிறர் பாவங்களைக் கேட்பவர். மனிதர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வதில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை வெளியில் சொல்லாமல் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நரி ஊளையிட்டதை வியாகுலம் மட்டும் கேட்டார். அது முனுசாமி வீட்டு நாய் என்று காலையில் முனிராஜ் சொன்னான்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போக வேண்டிய நான்கு பையன்களும் ஆறு மணிப் பூசைக்கு லெஃப்ட் ரைட் போட்டுப் போய் லெஃப்ட் ரைட் போட்டுத் திரும்பினார்கள். பத்தரைக்கு வரிசை தயார். பதினொன்றுக்கு ஃபாதர் வந்தார். பதினொன்றரைக்குக் கண்ணம்மாள் ஒரு தூக்குப் போசியோடும் வட்டிலோடும் வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். கொல்லை வேலைக்குப் போகாத ஒரு இருபது பேரும் சேர்ந்துகொண்டார்கள். பன்னிரண்டரைக்கு அம்பாசிடர் வந்தது.

முதலில் போட்டோக்காரர் இறங்கினார். பிறகு தொப்பி இறங்கியது. அதன் கீழே பச்சியப்பன் இருந்தார். கஞ்சி போட்ட காக்கிச் சட்டையின் இரண்டு கையிலும் தோளிலிருந்து முழங்கைவரை வட்ட வட்டமாகத் துணி பேட்ஜ்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திறமைக்குச் சாரணர்கள் பரீட்சை எழுதி வாங்குவது. சமையல், நீச்சல், முதலுதவி, தச்சு வேலை, பால் பண்ணை எல்லாம் இருந்தன. வீட்டில் தானாக ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு குடித்தறியாத மனிதரின் தோளில் சமையல் பேட்ஜைப் பார்த்தார் வியாகுலம். பெரிய மனிதர்களுக்குக் கௌரவமாகவும் கொடுப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டார்.

மாலை போட்டாயிற்று. பச்சியப்பன் முகாமைச் சுற்றிப் பார்த்தார். ஒரே ஒரு ஜோடி ஷூ இருந்த ஸ்டாண்டைப் பார்த்து, “பிரமாதம்,” என்றார். கூடாரத்தின் முன்னால் நின்றார்.

“இது என்னது?”

“ஒட்டகங்க,” என்றான் முனிராஜ்.

“ஆமா. நாப்பத்திரெண்டுல எங்க டென்ட்டுலயும் ஒட்டகந்தான் போட்டிருந்தாங்க.”

கிறிஸ்துமஸ் குடிலுக்காகப் பெயின்டர் எழுதிய ஒட்டகம் அது. வியாகுலத்துக்குத் தெரிந்துவிட்டது. இந்த மனிதர் ஒரு நாளும் ஸ்கௌட்டாக இருந்ததில்லை. ஆனால் அதற்குள் முனிராஜ் மூன்றடி முன்னே வந்து, வலது கையால் சல்யூட் அடித்து, இடது கையை நேராக நீட்டிவிட்டான். அவனுக்குப் பின்னால் ஏழு பேரும் நீட்டிவிட்டார்கள்.

பச்சியப்பன் பழக்கத்தில் நீட்டிய வலது கை பாதி வழியில் நின்றது.

“என்னடா கை இது?”

“இடது கைங்கய்யா,” என்றான் முனிராஜ்.

“அது எனக்குத் தெரியாதா?” பச்சியப்பன் வியாகுலத்தின் பக்கம் திரும்பினார். குரல் எழவில்லை, கனத்தது. “வாத்தியாரே, போன எலக்‌ஷன்ல இந்த ஊரு எனக்கு நாப்பத்தொரு ஓட்டுதான் போட்டுச்சு. நான் அதை மனசுல வெச்சுக்கல. நீங்கதான் வெச்சுக்கிட்டு இருக்கறீங்கபோல. மாலையும் போட்டுட்டு, பசங்கள விட்டு பீச்சாங்கையும் நீட்டறீங்களா?”

போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். டிரைவர், முதலாளியின் குணம் தெரிந்தவராக, வண்டிக் கதவைத் திறந்துவைத்தார். புளியமரத்தடியில் கண்ணம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். மகனைக் கூட்டிப்போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது அவள் நின்ற நிலையில் தெரிந்தது. ஃபாதர் வியாகுலத்தின் காதருகே வந்தார்.

“மாஸ்டர், கைய மாத்தச் சொல்லுங்க. சீக்கிரம்.”

வியாகுலம் பையன்களைப் பார்த்தார். எட்டு இடது கைகள் வெயிலில் நீட்டியபடி இருந்தன. முனிராஜின் கை இறங்கவில்லை. அவன் பார்வை பச்சியப்பன்மேல் இல்லை, வாத்தியார்மேல் இருந்தது. மாற்று என்று சொன்னால் மாற்றிவிடுவான். மாற்றிவிட்டு, மூட்டை சார் சொல்லிக் கொடுப்பதெல்லாம் ஒரு கார் வரும்வரைக்கும்தான் செல்லும் என்பதையும் தெரிந்துகொள்வான். மாற்றாவிட்டால் கையெழுத்து இல்லை, எட்டு இல்லை, பீரோ இல்லை. அந்தத் தோப்பில் உண்மை நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தான், இன்னொருவர் பச்சியப்பன்.

அவர் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிப் போயின.

“படை, கை எடுக்காதே.”

சொல்லிவிட்டு, வெறுங்காலில் புளிய ஓடு குத்துவதைப் பொருட்படுத்தாமல் மூன்றடி எடுத்துவைத்துப் பச்சியப்பனுக்கு முன்னால் போய் நின்று, தோப்பு முழுக்கக் கேட்கும்படி சல்யூட் அடித்தார்.

“ஐயா, போதுங்க. பசங்க தாங்கிட்டாங்க. சோதனையில எட்டுப் பேரும் பாஸ்.”

“எந்தச் சோதனை?” என்றார் பச்சியப்பன்.

“பழைய சாரணர் புதுச் சாரணருக்கு வெக்கற சோதனைங்க. கோவிச்சுக்கிட்ட மாதிரி மிரட்டிப் பாக்கறது. பயந்து கைய மாத்தறவன் பெயிலு. நாப்பத்திரெண்டுல நீங்க பாக்காததா? நான்கூட ஒரு நிமிசம் நெசம்னு நெனச்சுட்டேங்க. அப்படி மிரட்டிட்டீங்க.”

பச்சியப்பன் கடலையைக் கையில் அள்ளிக் குலுக்கிப் பார்த்தே எவ்வளவு எண்ணெய் தேறும் என்று சொல்லிவிடுகிற ஆள். வாத்தியாரின் முகத்தை அப்படித்தான் குலுக்கிப் பார்த்தார். ஒரு பக்கம், பிள்ளைகளை அற்புதமாகச் சோதித்த பழைய சாரணர் நின்றார். இன்னொரு பக்கம், பேட்ஜ்களைக் கடையில் வாங்கித் தைத்துக்கொண்ட எண்ணெய் வியாபாரி நின்றார். இரண்டில் எது தேறும் என்று பார்க்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. தொண்டையைச் செருமினார். பிறகு சிரித்தார்.

“மாத்திடுவானுங்கன்னுதான் நெனச்சேன். மாத்தலியே. எங்க காலத்துலயே இதுல ரெண்டு மூணு பேரு அழுதுருக்கானுங்க.”

வலது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, புது ஆள் நுகத்தில் மாடு பூட்டுகிற மாதிரி தடுமாறி, இடது கையை நீட்டினார். முனிராஜ் பிடித்துக் குலுக்கினான். போட்டோக்காரர் ஓடிவந்தார். எட்டுக் கையும் குலுக்கி முடித்தபோது பச்சியப்பனுக்கு அது பழகியே விட்டது.

கண்ணம்மாள் வரிசைக்கு முன்னால் வந்தாள்.

“ஏங்க, அப்ப இந்தக் கையில குடுக்கறது மரியாதைதானுங்களா?”

“மரியாதைதாம்மா. ரொம்பப் பெரிய மரியாதை.”

“எந்தம்பிக்கு இவன் குடுத்தது?”

“அதுவும் மரியாதைதான்.”

“யாரு யாருக்குக் குடுத்தாலுங்களா?”

“யாரு யாருக்குக் குடுத்தாலும்,” என்றார் பச்சியப்பன். சுற்றியிருந்த இருபது பேருக்கும் சேர்த்தே சொன்னார்.

கண்ணம்மாள் திரும்பிப் போனாள். போசியைத் திறந்து வட்டிலில் ராகிக் களி இரண்டு உருண்டை வைத்தாள். மேலே அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றினாள். ஆவி பறக்கிற வட்டிலை இடது கையில் ஏந்திக்கொண்டு வந்து துணைத்தலைவருக்கு முன்னால் நேராக நீட்டினாள்.

“அப்ப இந்தாங்க ஐயா. ஒரு வாய் சாப்புட்டுட்டுத் துணி கட்டுங்க.”

அவள் கள்ளமில்லாமல்தான் செய்தாளா, அந்த நாற்பத்தொரு ஓட்டில் சேராதவள் என்பதால் செய்தாளா என்று வியாகுலத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. எதிரில் இருப்பவர் பிடிக்கும்வரை கையை எடுக்கக் கூடாது என்பதை மகனிடமிருந்து கற்றவள் மாதிரி நின்றாள்.

பச்சியப்பன் இடது கையை நீட்டி வாங்கினார். போட்டோக்காரர் அதையும் எடுத்தார். களியை மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். அன்றைக்கு அவர் இரண்டு உருண்டையையும் விழுங்கினார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. எட்டுப் பேரும் மூன்று விரலை உயர்த்தி உறுதிமொழி சொன்னார்கள். எட்டுக் கழுத்திலும் துணி ஏறியது. படிவத்தில் கையெழுத்து விழுந்தது. ஃபாதர் அதை வாங்கி மடித்து அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டு, “பீரோ உங்களுக்குத்தான், மாஸ்டர்,” என்றார். ஒரு கணம் கழித்து, “இந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க,” என்று சேர்த்துக்கொண்டார்.

கண்ணம்மாள் போட்டோக்காரரைப் பிடித்துக்கொண்டாள். “அந்தக் கை குலுக்கின படத்துல எனக்கு ஒண்ணு வேணுங்க. அரூருக்குக் கொண்டுட்டுப் போகணும்.”

கார் போன பின் கூடாரத்தைப் பிரித்தார்கள். ஒட்டகத்தை மடிக்கும்போது முனிராஜ் மெதுவாகக் கேட்டான்.

“சார், அந்தச் சோதனை புத்தகத்துல எத்தனாம் பக்கம்?”

வியாகுலம் அவன் கழுத்துத் துணியைப் பார்த்தார். சாரணனின் சொல் நம்பத்தக்கது என்பது சட்டத்தில் முதல் வரி. நேற்று அவர்தான் பத்து முறை சொல்ல வைத்திருந்தார்.

“இன்னும் ஏறலடா. இன்னைக்குத்தான் நடந்துச்சு.”

“அப்ப பொய்யிங்களா?”

“ஒருத்தரு மிரட்டினாரா?”

“மிரட்டினாருங்க.”

“நீ கைய மாத்துனியா?”

“இல்லீங்க.”

“அப்ப சோதனை நடந்துச்சா, இல்லியா?”

முனிராஜ் கொஞ்ச நேரம் கயிற்றைச் சுருட்டினான். “நடந்துச்சுங்க. அவரு பாஸா சார்?”

“துணைத்தலைவருக்கெல்லாம் பரீட்சை கிடையாதுடா. நீ அந்த மூங்கிலை எடு.”

அன்று மாலையே வியாகுலம் பீரோவைத் திறந்து, பயிற்சிப் புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில் சிவப்பு மையில் எழுதினார்: ‘புதுச் சாரணர் சோதனை. மூத்த சாரணர் ஒருவர் கோபம்கொண்டவர்போல் மிரட்டுவார். நீட்டிய கையை எடுக்காதவர் தேறியவர்.’ எழுதி முடித்ததும் அது அச்சில் இருந்த மற்றவற்றைவிட மோசமாக இல்லை என்று அவருக்குப் பட்டது. கீழே பக்க எண்ணும் போட்டார்.

அடுத்த ஆண்டு புதிதாகப் பதினாறு பேர் சேர்ந்தார்கள். முகாமுக்கு ஒரு வாரம் முன்னாலேயே பச்சியப்பனிடமிருந்து லெட்டர் பேடில் கடிதம் வந்தது. சோதனைக்குத் தான் மட்டுமே வரவேண்டும் என்றும், வேறு யாருக்கும் அந்த முறை சரியாகத் தெரியாது என்றும், நாற்பத்திரண்டில் அதை ஆரம்பித்ததே தங்கள் அணிதான் என்றும் எழுதியிருந்தார். பதினோரு மணி என்றால் பத்தே முக்காலுக்கே வந்தார். ஷூவைக் கழற்றி ஸ்டாண்டில் வியாகுலத்தின் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பதினாறு இடது கைகள் நீண்டன. பச்சியப்பன் அற்புதமாகக் கோபப்பட்டார். கைத்தடியைத் தரையில் தட்டினார், மாலையைக் கழற்றி எறிந்தார், நாற்பத்தொரு ஓட்டைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உண்மையாகவே கம்மியது. வரிசைக் கடைசியில் நின்ற பொடியனுக்கு உதடு பிதுங்கியது, கை கீழே சரியத் தொடங்கியது.

பின்னால் நின்ற முனிராஜ் குனிந்தான்.

“கைய மட்டும் எடுக்காதடா. கொஞ்ச நேரத்துல அவரே வந்து புடிச்சுக்குவாரு.”